களவுக் கொப்பியும் சிறைப்பட்ட எழுத்தும்: மென்பொருளுக்குக் காசு கொடுத்தல் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

புகலிடச் சஞ்சிகைகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் அரசியல் உண்டு, அழகியல் உண்டு, யார் யாரோடு முரண்பட்டு எந்தச் சஞ்சிகையிலிருந்து வெளியேறினார் என்ற வரலாறும் தாராளமாகவே உண்டு. அவை எந்த மென்பொருளில் பக்கமாக்கப்பட்டன, அந்த மென்பொருளுக்கு யார் காசு கொடுத்தார் என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பினால் வரக்கூடிய பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பெரும்பாலும் யாரும் கொடுக்கவில்லை. கையெழுத்திலும் தட்டச்சிலும் ஸ்டென்சிலிலும் வந்துகொண்டிருந்த எமது எழுத்து தொண்ணூறுகளில் கணனிக்குப் போனபோது, பேஜ்மேக்கர் கைக்குக் கை மாறியது. எழுத்துரு அதைவிட இலகுவாக மாறியது. இதை ஓர் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேச நான் வரவில்லை. உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவி, எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுத்தெழும்பிய ஒருவர், ஒரு மாதச் சம்பளத்தை அமெரிக்கக் கம்பனிக்குக் கட்டிவிட்டுத்தான் தன் சஞ்சிகையை அச்சிட வேண்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

நான் பேச விரும்புவது வேறு. காசு கொடுக்காததால் நாம் எதையும் இழக்கவில்லை என்றொரு நம்பிக்கை எம்மிடையே இருக்கிறது. இப்போது காசு கொடுக்கத் தொடங்கிவிட்டவர்களிடமோ, கொடுத்துவிட்டோம், இனி எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கை இருக்கிறது. இரண்டுமே தவறு என்பது என் வாதம். கடை வைத்திருப்பவரும் தமிழ்ப் பள்ளி ஆசிரியையும் ஊர்ச் சங்கச் செயலாளரும் எந்த மென்பொருளுக்குக் காசு கட்டலாம் என்று லாச்சப்பலில் கேட்கிறார்கள். விலையை இரண்டாவதாகப் பாருங்கள், உங்கள் எழுத்தையும் கணக்கையும் படங்களையும் தூக்கிக்கொண்டு அதிலிருந்து வெளியேற முடியுமா என்று முதலில் பாருங்கள் என்பேன். ஒரு நாட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேற முடிந்தது, எதை விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது என்பதை வாழ்நாள் முழுவதும் கணக்குப் பார்க்கிற ஒரு சமூகத்துக்கு இந்த அளவுகோல் புதிதல்ல. கணனி விடயத்தில் மட்டும் அதை நாம் கையில் எடுப்பதில்லை.

பாமினியை எடுத்துக்கொள்வோம். ஈழத்தமிழர் மத்தியில் அதைப்போல் பரவிய எழுத்துரு வேறில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடிக்கும்போது கணனி பதிந்துகொள்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். திரையிலும் தாளிலும் தெரிவது அவற்றின்மேல் போர்த்திய தமிழ் வடிவம். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அதே கோப்பைத் திறந்தால் போர்வை விழுந்துவிடும். கீழே கிடப்பது எவருக்கும் புரியாத ஆங்கிலக் குப்பை. கணனியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்று ஒன்று ஒருபோதும் இருக்கவே இல்லை. தேடினால் அகப்படாது, அகராதியோ பிழைதிருத்தியோ அதைத் தொடாது. யுனிகோடில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கொடுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்தது. ஆனாலும் அதன்பிறகு பத்து, பதினைந்து வருடங்கள் எமது சஞ்சிகைகளும் மலர்களும் மரண அறிவித்தல்களும் பாமினியிலேயே அடிக்கப்பட்டன.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. அடொபி கம்பனியின் இன்டிசைன் போன்ற பக்கமாக்கும் மென்பொருளில் யுனிகோட் தமிழை இட்டால் கொம்பும் காலும் இடம்மாறி விழுந்தன. 2012 இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் இந்திய மொழிகளை ஒழுங்காக அமைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அதாவது, உலகில் அச்சுத்தொழில் முழுவதையும் தன் பிடியில் வைத்திருந்த ஒரு கம்பனிக்கு, கோடிக்கணக்கானவர் எழுதும் ஒரு மொழியைக் கவனிக்க யுனிகோடுக்குப் பின் இருபத்தொரு வருடம் எடுத்தது. அதுவரை எமக்குப் பாமினியே கதி.

விளைவை நூலகம் இணையத்தளத்தில் காணலாம். 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் நினைவைச் சுமந்துகொண்டு வாழும் ஒரு சமூகம் 2005 இல் தொடங்கிய அந்த முயற்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே புகலிடச் சஞ்சிகைகளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். கணனியில் அடித்த ஒன்றைத் தாளில் அச்சிட்டு, அந்தத் தாளை யாரோ ஒருவர் இருபது வருடம் அலுமாரியில் காப்பாற்றி, அதைத் தொண்டர் ஒருவர் மறுபடியும் கணனிக்குள் படமாக ஏற்றியிருக்கிறார். எழுத்தாக இருந்தது தாளாகிப் படமாகத் திரும்பியிருக்கிறது. தாள் பிழைத்தது, கோப்பு பிழைக்கவில்லை. (நெகிழ்தட்டு என்று ஒன்று இருந்ததையே இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கவேண்டும் என்பது தனிக்கதை.)

பேஜ்மேக்கரின் கதியைப் பாருங்கள். ஆல்டஸ் என்ற கம்பனி 1985 இல் வெளியிட்டது; 1994 இல் அக்கம்பனியை அடொபி வாங்கியது; ஏழாம் பதிப்போடு நிறுத்திவிட்டு வாடிக்கையாளரை இன்டிசைனுக்கு நகர்த்தியது. இன்றைய இன்டிசைன் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை. இதில் காசு கொடுத்து வாங்கியவருக்கும் களவாகக் கொப்பி எடுத்தவருக்கும் வித்தியாசம் கிடையாது. இருவருமே வெளியில் நிற்கிறார்கள்.

எம்மில் சில தோழர்கள் அந்நாட்களில் களவுக் கொப்பிக்கு ஒரு கோட்பாடே கட்டினார்கள். மூன்றாம் உலகத்தின் உழைப்பைக் கொள்ளையிட்டவனின் பொருளை எடுப்பது களவல்ல, அது மீட்பு என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொள்ளையிடப்பட்டவராகச் சொல்லப்படுபவர் என்ன நினைத்தார்? 1976 இல் பில் கேட்ஸ் கணனிப் பிரியர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் கொப்பி எடுப்பவர்களைத் திருடர் என்று கண்டித்தார். 1998 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சீனாவைப் பற்றிப் பேசும்போது அவருடைய தொனி வேறாயிருந்தது: எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், அதற்குப் பழகிப்போவார்கள், பிறகு வசூலிக்கும் வழியை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார். இதைவிடத் தெளிவாக எந்த மார்க்சியராலும் இதை விளக்கியிருக்க முடியாது. களவுக் கொப்பி எதிர்ப்பல்ல, பயிற்சி. எமது விரல்களையும் எமது கோப்புகளையும் அவர்களுடைய வடிவத்துக்குப் பழக்கிக் கொடுத்தது, அதுவும் சம்பளமில்லாமல்.

வசூலிக்கும் வழி 2013 இல் வந்தது. அடொபி தன் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டுமே தரும் முறைக்கு மாறியது. மாதா மாதம் கட்டும்வரை கதவு திறந்திருக்கும். நிறுத்தினால் நீங்கள் செய்த பக்கம் உங்கள் கணனியிலேயே கிடக்கும், திறக்க மட்டும் முடியாது. இடையில் விலகுவதற்கும் ஒரு விலை உண்டு. வருட ஒப்பந்தத்தை முறிப்பவரிடம் மிச்ச மாதங்களுக்கான தொகையில் பாதியை அறவிடும் நிபந்தனையைக் கண்ணில் படாமல் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, 2024 யூனில் அமெரிக்க அரசே அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தது. இதை வாடகை வீட்டோடு ஒப்பிடுகிறார்கள். வாடகை வீட்டைக் காலிசெய்யும்போது தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டுதானே போகிறோம்?

அப்படியானால் அடொபிக்குக் காசு கட்டவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. கலியாண அல்பமும் சாமத்தியவீட்டு அழைப்பிதழும் செய்து அதில் சீவிக்கிறவருக்கு அந்தச் சந்தா ஒரு தொழிற்செலவு, தாராளமாகக் கட்டட்டும். வருடத்தில் நாலு தடவை நூறு பக்கம் கொண்டுவருகிற சஞ்சிகைக்குப் பன்னிரண்டு மாதச் சந்தா என்பது வேறு கணக்கு. அப்படியும் கட்டுகிற சஞ்சிகைகள் ஒன்றைச் செய்யவேண்டும்: ஒவ்வோர் இதழும் முடிந்தவுடன் ஐடிஎம்எல் என்ற வெளிப்படையான வடிவத்தில் ஒரு பிரதியையும், வெறும் யுனிகோட் எழுத்தாக இன்னொரு பிரதியையும் எடுத்துத் தனியே வைக்கவேண்டும். அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலத்தைச் செலவிட மனமில்லாத ஆசிரியர் குழு ஆவணப்படுத்தல் பற்றித் தலையங்கம் எழுதாமலிருப்பது நல்லது.

இங்கே ஒரு முரணைச் சொல்லவேண்டும். அடொபியின் இன்றைய மென்பொருள் திறக்காத பழைய பேஜ்மேக்கர் கோப்புகளில் ஒரு பகுதியையாவது திறக்கிற மென்பொருள் இருக்கிறது. அது இலவசம். லிப்ரே ஒபிஸ். கைவிடப்பட்ட கோப்பு வடிவங்களை ஆராய்ந்து திறப்பதற்கென்றே 2014 இல் அதைச் சார்ந்தவர்கள் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 2015 இல் வந்த 4.4 பதிப்பில் பேஜ்மேக்கரைத் திறக்கும் வசதி சேர்ந்தது. பக்க அமைப்புக் குலையலாம், ஆனால் வரிகளை மீட்க வழி பிறக்கிறது. வருவது பாமினிதான். அதை யுனிகோடுக்கு மாற்றப் புகலிடத்து ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்' மாற்றி இருக்கிறது. அதுவும் இலவசம். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி குழப்பிவிடும், வரிவரியாகப் பார்க்கவேண்டும், என்றாலும் எழுத்து எழுத்தாகத் திரும்பி வருகிறது. நாம் விலை கொடுத்ததும் களவெடுத்ததும் சிறைவைத்த எழுத்தை, நாம் ஒரு சதமும் கொடுக்காத இரண்டு பேருடைய உழைப்பு வெளியே கொண்டுவருகிறது. காசு கொடுக்கத் தகுந்தது எது என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது. விலை கேட்பவரைப் பற்றியே யோசிக்கிறோம், கேட்காதவரை மறந்துவிடுகிறோம்.

தமிழ் மென்பொருளுக்கு விலையா என்று கேட்பவர்களும் உண்டு. தாய்மொழியை விற்கலாமா என்ற உணர்ச்சிகரமான கேள்வி அது. தமிழாசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும்போதும் தமிழ்ப் புத்தகத்தை விலைக்கு வாங்கும்போதும் எழாத இந்தக் கேள்வி, எழுத்துரு என்றதும் எழுகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை விலைக்கும் வைத்தார், இலவசப் பதிப்பும் கொடுத்தார். 2005 பொங்கலன்று செல்லினம் என்று கைத்தொலைபேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தார். லொசானில் இரசாயன ஆராய்ச்சியாளராயிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். எம்மவர் இரண்டாமவரை உதாரணம் காட்டி முதலாமவரைக் குறைசொல்வதை நான் பலதடவை கேட்டிருக்கிறேன். ஆனால் கல்யாணசுந்தரத்தின் இலவசத்துக்குப் பின்னால் சுவிஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் சம்பளம் இருந்தது. மென்பொருளே தொழிலாயிருப்பவரிடம் அதே தியாகத்தைக் கேட்பது, கூலி கொடுக்காமல் வேலை வாங்க விரும்புகிறவனின் தத்துவம். பிறகு நடந்தது என்ன? முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துருவை அப்பிள் தன் கணனிகளில் சேர்த்துக்கொண்டது. தமிழுக்கு விலையா என்று கேட்டவர் ஆயிரம் யூரோ கொடுத்து அப்பிள் கணனி வாங்கி அதில் தமிழ் தெரிகிறது என்று மகிழ்கிறார்.

பாரிஸ்காரர்களுக்கு இன்னோர் உதாரணம் வாசலிலேயே இருக்கிறது. லாச்சப்பலில் எடுக்கப்பட்ட கலியாண வீடியோ, கோயில் தேர், அரங்கேற்றம் எதுவாயிருந்தாலும் பெரும்பாலும் அது ஓடுவது விஎல்சியில்தான். அந்தச் செம்மஞ்சள் கூம்பைத் தெரியாத வீடு இல்லை. அது இங்கேயே, எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் மாணவர்கள் 1996 இல் தொடங்கிய வேலை. 2001 இல் கட்டற்ற உரிமத்தோடு வெளிவந்தது. விளம்பரம் சேர்ப்பதற்காகப் பல மில்லியன் யூரோ தருவதாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதை நடத்தும் ஜோன் பப்டிஸ்ட் கெம்ப் பகிரங்கமாகவே சொல்லியிருக்கிறார். அந்த அமைப்பு, எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் போல, 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம்தான். எமது சங்கங்கள் வருடாந்த ஒன்றுகூடலுக்கு மண்டபமும் கொத்துரொட்டியும் ஒழுங்குசெய்வதில் வல்லவை, அதை நான் இகழவில்லை. ஆனால் மாகாணசபை அளவுக்கு உபதலைவர்களை வைத்திருக்கும் இச்சங்கங்களில் ஒன்றாவது தான் தினமும் பாவிக்கும் மென்பொருளுக்கு ஐம்பது யூரோ நன்கொடை எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிரெஞ்சு ஜொந்தார்மெரி 2005 இல் ஓப்பன் ஒபிஸுக்கும் 2008 இலிருந்து உபுண்டுவுக்கும் மாறத் தொடங்கியது. துப்பாக்கி வைத்திருப்பவர்களே லைசென்ஸ் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்.

கைத்தொலைபேசியில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் சரியாக விழுவதற்கு யார் காரணம் என்று கேட்டுப் பார்க்கலாம். அன்ட்ரொயிட்டிலும் குரோமிலும் பயர்பொக்ஸிலும் லிப்ரே ஒபிஸிலும் எழுத்தை அடுக்கும் வேலையைச் செய்வது ஹார்ப்பஸ் என்ற ஒரு சிறு கட்டற்ற மென்பொருள். பாரசீக மொழியில் அதன் பெயருக்குத் 'திறந்த எழுத்து' என்று பொருள். உருவாக்கியவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானியர், கனடாவில் வாழ்ந்தவர். 2020 சனவரியில் குடும்பத்தைப் பார்க்கத் தெஹ்ரான் போனபோது புரட்சிக் காவலர் அவரைக் கைதுசெய்து எவின் சிறையில் விசாரித்தார்கள். எமக்குப் பரிச்சயமான கதை. தமிழரின் எழுத்தை ஓர் ஈரானியர் அடுக்கிக் கொடுத்திருக்கிறார், நாம் அவர் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

தொலைபேசிச் செயலிகளில் இன்னொரு மயக்கம் உண்டு: இலவசம் என்பது. வட்ஸ்அப் ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒரு டொலர் கேட்டது. 2014 இல் 19 பில்லியன் டொலருக்கு பேஸ்புக் அதை வாங்கியது. 2016 சனவரியில் அந்த ஒரு டொலரையும் வேண்டாம் என்றது. ஒரு டொலரை விடப் பெறுமதியான ஒன்றை எம்மிடம் கண்டுகொண்டார்கள் என்பதே அதன் அர்த்தம். 2023 இல் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் ஒன்றில் காசு கட்டு, அல்லது உன் தரவுகளை விளம்பரத்துக்குக் கொடு என்றார்கள். அதற்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2025 ஏப்ரலில் மெற்றாவுக்கு 200 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. மறுபுறம் சிக்னல் விளம்பரமில்லாமல் நன்கொடையில் ஓடுகிறது; 2025 அளவில் தன் செலவு வருடத்துக்கு 50 மில்லியன் டொலரை எட்டும் என்று 2023 இல் கணக்கை வெளியிட்டது. யார் யாரோடு பேசுகிறார் என்ற பட்டியலே ஊரிலிருக்கும் ஒருவருக்கு ஆபத்தாக முடியக்கூடிய சமூகம் நாம். மாதம் ஐந்து யூரோ கொடுக்கத் தகுந்த தொலைபேசிச் செயலி ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பேன். எல்லோரும் வட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்கள் என்ற பதில் எனக்குத் தெரியும். உண்மைதான். எல்லோரும் பாமினியிலும்தான் இருந்தார்கள்.

கடைக்காரர் விடயம் சற்று வேறு, அங்கே தெரிவு குறைவு. லாச்சப்பலில் 'கெஸ்' என்று சொல்லப்படும் காசுப்பெட்டியில் ஓடும் மென்பொருள், பெறுமதி சேர் வரி செலுத்தும் கடையென்றால், 2018 சனவரி 1 இலிருந்து பதிந்ததை அழிக்கவோ மாற்றவோ முடியாததாக இருக்கவேண்டும். இல்லையேல் ஒரு மென்பொருளுக்கு 7500 யூரோ அபராதம். ஆகவே இங்கே காசு கொடுப்பதா என்பது கேள்வியல்ல. ஆனால் என் அளவுகோல் இங்கும் வேலை செய்கிறது. கணக்குகளை ஆறு வருடம் வரிப் பகுதிக்குக் காட்டும் நிலையில் வைத்திருக்க வேண்டியவர் கடைக்காரர், மென்பொருள் விற்றவரல்ல. ஒப்பந்தம் முடிந்தபின் பழைய கணக்கை எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள் கையில் தருவீர்கள் என்று கையெழுத்திடுமுன் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாத விற்பனையாளர் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இச்சஞ்சிகைக்கு நான் வைக்கும் பிரேரணை சிறியது. தபால், அச்சு, மண்டபம் என்று போகும் வரவுசெலவில் மென்பொருள் என்று ஒரு வரி சேர்க்கப்படட்டும். பக்கமாக்கலை ஸ்கிரிபஸில் முயன்று பார்க்கலாம். 2024 சனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக விழுகிறது, படங்களைக் கையாளுவதில் இன்டிசைனின் சௌகரியம் இல்லை. மிச்சப்படும் சந்தாவின் பாதியாவது லிப்ரே ஒபிஸுக்கும் நூலகத்துக்கும் போகட்டும். இதை எதிர்ப்பவர்கள் இரண்டு விடயத்தைச் சொல்வார்கள்: இருக்கும் வாசகர் தொகைக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்பது ஒன்று, பக்கமாக்குபவர் தனக்குப் பழகிய மென்பொருளை விடமாட்டார் என்பது மற்றது. முதலாவதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு, பக்கமாக்குபவரே அடுத்த இதழில் எழுதினால் நல்லது.